கல்லூரிப் புதுக் கட்டடத்துக்கு என்னை ஒருங்கிணைப்பாளர் ஆக்கிவிட்டார்கள். எதில் கையெழுத்துப் போடலாம், எதில் கூடாது?

கேள்வி: கடைசல் டீச்சர்

எல்லோருக்கும் வணக்கம். நான் ஒரு பல்கலைக்கழகத்தில் மெக்கானிக்கல் துறை இணைப் பேராசிரியர். ஊர் கரிசல் பூமி. கோவில்பட்டி, விருதுநகர் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் பொறியியல் புலத்துக்குப் புதுக் கட்டடம் எழும்புகிறது. தரைத்தளம், மேலே மூன்று மாடி. சிவில், மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல் மூன்று துறையும் அங்கே குடிபோக வேண்டும்.

மூன்று வருடமாகத் துறைக்கு டைம்டேபிள் போட்டுக் கொடுத்தேன். சண்டை இல்லாமல் நடந்தது. அந்த ஒரே தகுதியில் என்னைக் கட்டடக் குழுவின் ஒருங்கிணைப்பாளர் ஆக்கிவிட்டார்கள். லேத்தில் ஒரு மைக்ரான் விலகினால் சொல்லிவிடுவேன். ஜல்லி 20 எம்.எம்.மா 40 எம்.எம்.மா என்று கேட்டால் விழிப்பேன்.

நிலவரம் இது. ஒப்பந்தம் 18 மாதம். பைல் (மண்ணுக்குள் இறக்கும் அடித்தளத் தூண்), அதன்மேல் ஓடும் பிளிந்த் பீம் (அடித்தள உத்திரம்) முடிந்து தரைத்தளத் தூண்கள் நிற்கின்றன. செப்டம்பர் கடைசிக்குள் முதல் தளம் போட்டுவிட வேண்டும், அக்டோபரில் மழை பிடித்துக்கொண்டால் ஒன்றும் நடக்காது என்று ஒப்பந்ததாரர் அவசரப்படுத்துகிறார். பல்கலைக்கழகத் தரப்பில் ஒரே ஒரு உதவிப் பொறியாளர் (ஏ.இ.). அவருக்கு விடுதி வேலையும் சேர்த்து இருப்பதால் பாதி நாள் சைட்டில் இருக்கமாட்டார்.

இப்போது என் பிரச்சினைகள். தூண்களுக்குப் போட்டது எம்30 கான்கிரீட், அதாவது 28 நாளில் சதுர மில்லிமீட்டருக்கு 30 நியூட்டன் தாங்கவேண்டியது. ஆலையில் கலந்து லாரியில் வருகிற ரெடிமிக்ஸ். அதே கலவையில் வார்த்த கட்டியை 7ஆம் நாள் நசுக்கிப் பார்க்கிற க்யூப் சோதனையில் 17.4 வந்திருக்கிறது. இது பயப்பட வேண்டிய எண்ணா? இரண்டாவது, உதவிப் பொறியாளர் இல்லாத நாளில் "கம்பி அளவு எடுத்தாச்சு மேடம், ஒரு கையெழுத்து" என்று ஒரு புத்தகத்தை நீட்டுகிறார்கள். போடலாமா? மூன்றாவது, துறைகளிடம் என்னென்ன மெஷின் வரும் என்று பட்டியல் கேட்டு ஒன்றரை மாதம் ஆகிறது. யாரும் தரவில்லை. வரைபடத்திலும் அடிக்கடி மாற்றம் வருகிறது. போன மாதம்கூட டீன் அலுவலகத்துக்கும் செமினார் ஹாலுக்கும் தரைத்தளத்தில் இடம் வேண்டும் என்று முடிவாகி, மெட்டீரியல்ஸ் லேபை முதல் மாடிக்கு மாற்றினார்கள். இப்படி மாறிக்கொண்டே இருந்தால் வேலை எப்போது முடியும்?

திறப்பு விழாவுக்கு மட்டும் மாதம் குறித்தாகிவிட்டது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பதில்: கம்பிக்காரன்

மேடம், எம்30க்கு 7 நாளில் 65 சதவீதம், அதாவது 19.5 வரவேண்டும். 17.4 பத்தாது. உடனே வேலையை நிறுத்தச் சொல்லி எழுத்தில் கொடுத்துவிடுங்கள். தூணைத் துளைத்து உருளையாகக் கோர் எடுத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். இதில் தயவுதாட்சண்யம் கூடாது.

பதில்: ஓய்வுபெற்ற ஏ.இ.

அம்மா, தம்பி சொன்னதற்கு முதலில் ஒரு வார்த்தை. 65 சதவீதம் என்பது வெறும் கைக்கணக்கு. சாதாரண போர்ட்லாண்ட் சிமெண்டுக்கு அது ஓரளவு சரியாக வரும். ரெடிமிக்ஸில் பெரும்பாலும் அனல்மின் நிலையச் சாம்பல் கலந்திருப்பார்கள். அந்தக் கலவை மெதுவாகத்தான் பலம் பிடிக்கும். முதல் வாரம் சோம்பலாக இருந்துவிட்டு 28ஆம் நாள் எட்டிப் பிடித்துவிடும். ஐ.எஸ். 456 என்கிற இந்தியத் தரவிதி கான்கிரீட்டை ஏற்பதும் தள்ளுவதும் 28 நாள் எண்ணை வைத்துத்தான். எம்30க்குத் தனி மாதிரி எதுவும் 27க்குக் கீழே போகக்கூடாது. தொடர்ச்சியாக நான்கு மாதிரிகளின் சராசரி குறைந்தபட்சம் 33 இருக்கவேண்டும். ஒரு மாதிரி என்றால் மூன்று க்யூப், அதையும் கவனியுங்கள். அதற்கும் கீழே போனால் அப்போது கோர் எடுக்கலாம். குறைந்தது மூன்று கோர்; சராசரி அந்த 30இல் 85 சதவீதம் வரவேண்டும், ஒன்றுகூட 75 சதவீதத்துக்குக் கீழே போகக்கூடாது. 7ஆம் நாளில் வேலையை நிறுத்தினால், 28ஆம் நாள் 34 வந்ததும் ஒப்பந்ததாரர் மூன்று வாரத்துக்கான நஷ்டஈட்டுக் கடிதத்தோடு வந்து நிற்பார்.

ஆனால் 7 நாள் எண் ஒரு மணி அடிக்கிறது, அதைக் காதில் போட்டுக்கொள்ளுங்கள். க்யூப் போட்டது யார்? லாரி வந்த நேரம், தேதி க்யூபின் மேல் எழுதியிருக்கிறதா? தண்ணீர்த் தொட்டியில் மூழ்கிக் கிடக்கிறதா, வெயிலில் கிடக்கிறதா? நான் பார்த்த ஒரு சைட்டில் க்யூப் எல்லாம் 40க்கு மேல் வரும், அவ்வளவு அழகு. ஒரு நாள் முன்னறிவிப்பு இல்லாமல் போனேன். மேஸ்திரி க்யூபுக்கு மட்டும் தனியாக ஒரு சட்டி சிமெண்ட் சேர்த்துக் கலந்துகொண்டிருந்தார். உங்களுக்குக் குறைவாக வந்திருப்பது ஒரு வகையில் நல்ல சேதி. அங்கே பொய் க்யூப் போடவில்லை.

சரி, இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் பயந்துகொண்டு கேட்டது க்யூபை. போகிறபோக்கில் எழுதியது மெட்டீரியல்ஸ் லேப் முதல் மாடிக்குப் போன கதையை. எனக்குத் தூக்கம் கெடுவது இரண்டாவதால்தான்.

அந்த லேபில் என்ன இருக்கும்? இழுவிசை பார்க்கும் யுனிவர்சல் டெஸ்டிங் மெஷின். கல்லூரிகளில் 40 டன், 60 டன், 100 டன் என்று வைத்திருப்பார்கள். 100 டன் மெஷின் என்றால் தரைக்கு 100 டன் இறங்காது, இழுப்பும் தள்ளலும் மெஷினின் சட்டத்துக்குள்ளேயே முடிந்துவிடும் என்பதை நீங்களே பாடம் நடத்துவீர்கள். தரைக்கு வருவது மெஷினின் சொந்த எடையும், கம்பி அறும்போது விழுகிற உதையும். அந்தச் சொந்த எடையே சில டன். வகுப்பறைக்கும் சாதாரண ஆய்வகத்துக்கும் தளத்தை டிசைன் செய்வது சதுர மீட்டருக்கு 3 கிலோநியூட்டன், நம் பாஷையில் சுமார் 300 கிலோ. வரைபடத்தில் பெயரை மட்டும் "வகுப்பறை" என்றிருந்ததை அழித்துவிட்டு "லேப்" என்று எழுதினார்களா, இல்லை கட்டமைப்புப் பொறியாளர் பீமையும் ஸ்லாபையும் மறுபடி கணக்குப் போட்டுக் கையெழுத்திட்டாரா? இதை மட்டும் இன்றே கேளுங்கள். என் ஊகம், ஆர்க்கிடெக்ட் கம்ப்யூட்டரில் இரண்டு பெயரை இடம் மாற்றிவிட்டு அனுப்பியிருப்பார். தளம் இன்னும் போடவில்லை என்பதுதான் உங்கள் அதிர்ஷ்டம். போட்டபிறகு தெரிந்தால் மெஷினும் மாடி ஏறாது, தளமும் கீழே இறங்காது.

டீன் அலுவலகம் மாடிக்குப் போகட்டும். நாற்காலியும் அலமாரியும் எந்தத் தளத்திலும் நிற்கும். செமினார் ஹால் கீழேயே இருக்கலாம். 200 பேர் ஒரே நேரத்தில் வெளியேற வேண்டிய இடம் தரையில் இருப்பதுதான் நல்லது.

அடுத்து ஹைட்ராலிக்ஸ் லேப். நீங்கள் அதைப் பற்றி எழுதவே இல்லை, அதனால்தான் கேட்கிறேன். பெல்டன், ஃபிரான்சிஸ் என்கிற நீர் டர்பைன்கள் ஓட அடியில் சம்ப் (தரைக்கடித் தண்ணீர்த் தொட்டி) வேண்டும், தண்ணீர் திரும்பி வர வாய்க்கால் வேண்டும். வரைபடத்தில் சம்ப் இருக்கிறதா? தரை போட்டபிறகு உடைத்துத் தோண்டினார்கள் என்றால் கரிசலில் அது தனிக் கூத்து. நம் மண் தண்ணீர் குடித்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். மே மாதம் வெடிப்புக்குள் கை போகும். சம்ப் கசிந்தால் வருடம் முழுக்க ஒரு மூலை மட்டும் ஈரமாக இருக்கும், மற்ற மூன்று மூலையும் காயும். ஒரு பக்கத்துத் தரை மட்டும் எழும்பிச் சுவர் குறுக்காக வெடிக்கும். ஆகவே சம்ப் தூண்களிலிருந்து தள்ளி இருக்கவேண்டும், தரைக்கு முன்னால் கட்டவேண்டும், தண்ணீர் நிரப்பி ஒரு வாரமாவது நிறுத்திக் கசிவு பார்த்தபிறகுதான் மேலே மூடவேண்டும்.

கரிசல் என்றதும் இன்னொன்று. உங்கள் பைல் அண்டர்ரீம்டு பைலாக இருக்கும் என்று நினைக்கிறேன், அடியில் குடம்போல உப்பிய பைல். ரூர்க்கியில் உள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிலையம் இந்த மாதிரி மண்ணுக்காகவே வளர்த்தெடுத்த முறை. அந்தப் பைல்களின் மேல் ஓடும் பிளிந்த் பீமுக்கு அடியில் மண் தொடாமல் மூன்று அங்குலத்துக்குக் குறையாமல் இடைவெளி விடவேண்டும். மண் உப்பும்போது பீமை முட்டித் தூக்காமல் இருக்கத்தான் அந்த இடம். அழுக்காகத் தெரிகிறது என்று சித்தாள்கள் உடைந்த செங்கல்லையும் மண்ணையும் அதில் தள்ளி நிரப்பிவிடுவார்கள். நாளை காலை ஒரு டார்ச் எடுத்துக்கொண்டு போய்க் குனிந்து பாருங்கள். பேராசிரியர் குனிந்து பார்க்கிறார் என்று தெரிந்தாலே சைட்டில் பாதி ஒழுங்கு வந்துவிடும்.

கையெழுத்து. அந்தப் புத்தகத்துக்கு எம்-புக் என்று பெயர், அளவுப் புத்தகம். பணம் அதிலிருந்துதான் பிறக்கிறது. அளவு எடுத்தவர் பெயர் போட்டுக் கையெழுத்திட வேண்டும், அது உதவிப் பொறியாளர் வேலை. நீங்கள் போடாதீர்கள், "பார்த்தேன்" என்றுகூட எழுதாதீர்கள். கம்பி விஷயத்தில் ஒரு கஷ்டம் உண்டு. கான்கிரீட் மூடியபிறகு உள்ளே 16 எம்.எம். கம்பி நான்கா ஆறா என்று யாராலும் எண்ண முடியாது. அதனால் உதவிப் பொறியாளர் வந்து எண்ணாமல் கான்கிரீட் லாரியை வரவழைக்கக் கூடாது என்று ஒரு சுற்றறிக்கை போடச் சொல்லுங்கள். டேப் வைத்துப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்வது உங்களுக்கு நல்லது. நீங்கள் தாராளமாகக் கையெழுத்துப் போடக்கூடியது ஒன்று இருக்கிறது, தடைப் பதிவேடு. என்ன காரணத்தால், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை வேலை நின்றது என்று எழுதுவது. மழையா, வரைபடம் வராததா, ஒப்பந்ததாரரிடம் ஆள் இல்லாததா? கடைசியில் கால நீட்டிப்பும் அபராதமும் அந்த நோட்டை வைத்துத்தான் தீர்மானமாகும். அது ஒருதலையாக எழுதப்படாமல் இருக்கப் பல்கலைக்கழகத் தரப்பில் ஒருவர் வாரம் தவறாமல் பார்க்கவேண்டும்.

மழை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை நமக்கு. தளம் நனைவது பெரிய விஷயமே இல்லை, உண்மையில் போட்டு முடித்து இறுகிய கான்கிரீட்டுக்கு மழை இலவச க்யூரிங். பிரச்சினை பாதை. 90களில் ஒரு கல்லூரி ஆய்வகம் பார்த்தபோது அதைக் கற்றுக்கொண்டேன். அப்போது கலவை மெஷினே சைட்டில்தான், ஆனாலும் ஜல்லி லாரி கரிசலில் அச்சுவரை இறங்கி நின்றுவிட்டது. பாதித் தளம் போட்ட நிலையில் ஜல்லி இல்லை. எங்கே நிறுத்துவது, எப்படி ஒட்டுப் போடுவது என்று இரவு பத்து மணிக்கு நானும் மேஸ்திரியும் டார்ச் வெளிச்சத்தில் நின்றோம். பின்னாளில் ரெடிமிக்ஸ் வந்தபிறகு இன்னும் மோசம். வண்டி சேற்றில் நிற்கும், கான்கிரீட் இறுகும், டிரைவர் டிரம்முக்குள் தண்ணீர்க் குழாயை விடுவார். தண்ணீர் சேர்த்த நேரத்திலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் கொட்டவேண்டும் என்று விதி. அப்படி ஒரு வண்டி முழுக்க நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன், அன்றைக்கு வாங்கிய வசவு இன்னும் நினைவிருக்கிறது. ஆகவே தளத்துக்கு முன்னால் மெயின் ரோட்டிலிருந்து சைட் வரை கிராவல் அடித்துப் பாதை போடச் சொல்லுங்கள். செப்டம்பர் 15க்குள்.

முட்டு பிரிப்பதைப் பற்றியும் கேட்பீர்கள் அடுத்த மாதம், இப்போதே சொல்லிவிடுகிறேன். லேப் என்றால் ஏழு, எட்டு மீட்டர் பீம் இருக்கும். 6 மீட்டருக்கு மேற்பட்ட பீமுக்கு முட்டு 21 நாள் நிற்கவேண்டும், ஸ்லாப் 4.5 மீட்டருக்குள் என்றால் 7 நாள். இதுவும் சாதாரண சிமெண்டுக்கு. சாம்பல் கலந்தது என்றால் இன்னும் பொறுக்கவேண்டும். பத்தாம் நாளே "சென்ட்ரிங் ஷீட் மேலே வேணும் மேடம்" என்று கான்கிரீட்டுக்கு அச்சாக நிற்கும் தகட்டைக் கேட்டு வந்து நிற்பார்கள். ஷீட்டைப் பிரிக்கட்டும், பீமின் முட்டு நிற்கட்டும்.

பதில்: லேப் மாமா

ஏ.இ. சார் எழுதியதைப் படித்ததும் கை பரபரக்கிறது. நான் 26 வருடம் ஒரு பொறியியல் கல்லூரியில் லேப் இன்ஸ்ட்ரக்டர். மேடம், பட்டியலைப் பேராசிரியர்களிடம் கேட்டால் வராது. அவர்கள் வாங்கப்போகிற மெஷினைக் கனவு கண்டுகொண்டிருப்பார்கள். எங்களை மாதிரி ஆளிடம் கேளுங்கள். எந்த மெஷின் எவ்வளவு அகலம், எந்தப் பக்கம் கதவு திறக்கும், கம்பியை எந்தப் பக்கமிருந்து உள்ளே தள்ளுவோம் எல்லாம் எங்களுக்கு மனப்பாடம். லேத் ஆறடி நீளம் என்று தாளில் போட்டுவிடுவார்கள். பின்னால் ஆறடிக் கம்பி நீட்டிக்கொண்டிருக்கும் என்று யாரும் போடமாட்டார்கள்.

எங்கள் கல்லூரியில் புது லேப் கட்டி, பெயின்ட் அடித்து, குத்துவிளக்கு ஏற்றித் திறந்தார்கள். கதவு நாலடி. மெஷின் அஞ்சேகால் அடி. எட்டு மாதம் அது மரப்பெட்டியோடு காரிடாரில் கிடந்தது. பிள்ளைகள் அதன்மேல் உட்கார்ந்து சாப்பிடுவார்கள், மேலே டிபன் பாக்ஸ் வைத்த வட்டக் கறை இன்னும் இருக்கிறது. கடைசியில் ஜன்னலோடு சுவரை உடைத்துத்தான் உள்ளே கொண்டுபோனோம். லேபுக்கு வெளிப்பக்கமாக ஒரு ரோலிங் ஷட்டர், கிரேன் வந்து திரும்ப இடம், இந்த இரண்டும் இல்லாமல் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

இன்னொரு யோசனை. தரைத்தளத் தூண்கள் நிற்கின்றன என்றீர்களே, இதுதான் நேரம். தூணுக்கும் தூணுக்கும் நடுவில் சுண்ணாம்புப் பொடியால் மெஷின்களை முழு அளவில் தரையில் கோடு போடுங்கள். மாவுக்கோலம் மாதிரிதான். அப்புறம் துறைத்தலைவர்களைக் கூட்டிக்கொண்டு போய் அதற்குள் நடக்கச் சொல்லுங்கள். ஒன்றரை மாதமாக வராத பட்டியல் அன்று சாயங்காலம் வரும். எஞ்சின் லேபின் புகைக்குழாய் எந்த வகுப்பு ஜன்னலுக்கு நேராக வருகிறது என்பதையும் அப்போதே பாருங்கள்.

பதில்: சனிக்கிழமை சம்பளம்

நான் ஒப்பந்ததாரர். சின்ன ஆள்தான், பள்ளிக்கூடம், விடுதி, கல்யாண மண்டபம் மாதிரி வேலைகள். இங்கே எல்லோரும் எங்களை ஒரு பக்கம் தள்ளி வைத்துப் பேசுவதால் எங்கள் பக்கத்தையும் சொல்கிறேன்.

முட்டுகளைச் சீக்கிரம் பிரிக்கிறார்கள் என்கிறார் ஏ.இ. ஐயா. தப்புதான், ஒத்துக்கொள்கிறேன். ஏன் பிரிக்கிறோம்? சென்ட்ரிங் சாமான் வாடகைக்கு எடுத்தது, நாள் கணக்கில் வாடகை ஓடும். பில் போட்டு மூன்று மாதம் பணம் வராது. வாடகைக்காரனும் கம்பிக் கடைக்காரரும் பல்கலைக்கழக நிதிக் குழு கூடும்வரை காத்திருக்கமாட்டார்கள். சனிக்கிழமை சாயங்காலம் நாற்பது பேர் கூலிக்கு வந்து நிற்பார்கள், அவர்களிடம் "கோப்பு நகர்கிறது" என்று சொல்ல முடியாது. மேடம், உங்களால் ஒரு உதவி செய்யமுடியும் என்றால் அது கான்கிரீட்டில் இல்லை. பில் எந்த மேஜையில் தூங்குகிறது என்று வாரம் ஒரு முறை கேட்டுச் சொல்லுங்கள். நேரத்துக்குப் பணம் வருகிற சைட்டில் ஒப்பந்ததாரர் தன்னாலேயே ஒழுங்காக இருப்பார். இல்லாவிட்டால் நல்ல கொத்தனார்களை வேறு சைட்டுக்கு அனுப்பிவிட்டு, உங்களிடம் நாலு பேரை நிறுத்தி வைப்பார். சைட் நடக்கிற மாதிரியே தெரியும்.

அப்புறம் வாய்மொழி உத்தரவு. "அந்தச் சுவரைக் கொஞ்சம் தள்ளிக் கட்டுங்க" என்று ஒரு துறைத்தலைவர் நடந்து போகும்போது சொல்லிவிட்டுப் போவார். கட்டிவிட்டுப் பில்லில் போட்டால் யார் சொன்னது என்பார்கள். வாட்ஸ்அப்பில் வரும் படத்தை வைத்து வேலை செய்யாதே என்று என் சூப்பர்வைசருக்குச் சொல்லியிருக்கிறேன். திருத்த எண், தேதி, கையெழுத்தோடு தாள் வந்தால் செய்வோம். சைட் ஆபீஸில் பழைய தாள்களின் குறுக்கே சிவப்பு மையால் கோடு போட்டு எடுத்துவிடச் சொல்லுங்கள். ஒரே சுவரில் இரண்டு மேஸ்திரி இரண்டு தாளை வைத்துக்கொண்டு வேலை செய்ததை நானே பார்த்திருக்கிறேன், என் சைட்டில்தான்.

தீபாவளி, பொங்கலைக் கணக்கில் எடுத்திருப்பீர்கள். வடக்கிலிருந்து வந்த ஆட்கள் இருந்தால் தீபாவளி முடிந்து ஆறாம் நாள் வரும் சட் பூஜையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பீகார்க்காரர்கள் அதற்கு ஊருக்குப் போனால் திரும்பி வர ஒரு மாதம்.

பதில்: ஒயர்மேன் 440

எலெக்ட்ரிக்கல் பற்றி யாருமே வாய் திறக்கவில்லை, எப்போதும் அப்படித்தான். தளம் போடும் முன் கம்பிக்கு நடுவில் பைப்பும் ஃபேன் பாக்ஸும் வைத்தாக வேண்டும். அந்த வரைபடம் வந்துவிட்டதா என்று கேளுங்கள் மேடம். வராமல் கான்கிரீட் போட்டால் பிறகு தளத்தின் அடியில் நாங்கள்தான் உளி வைத்துக் கொத்துவோம், கம்பியை மூடிக் காக்கிற கான்கிரீட் கவரெல்லாம் போகும்.

மெஷின்ஸ் லேபுக்குத் தரையில் கேபிள் டிரெஞ்ச் வேண்டும், த்ரீ ஃபேஸ் ஒவ்வொரு மேஜைக்கும். மொத்த லோடு எவ்வளவு என்று கூட்டினால்தான் டிரான்ஸ்ஃபார்மர் அளவு தெரியும். அதற்கும் அந்த மெஷின் பட்டியல்தான் வேண்டும். மின்வாரியத்துக்கு விண்ணப்பம், ஆய்வு, மீட்டர் என்று மாதக்கணக்கில் போகும். கட்டடம் முடிந்தபிறகு விண்ணப்பித்தால் திறப்பு விழாவை ஜெனரேட்டரில் நடத்தலாம். பார்த்திருக்கிறேன், மாலைபோட்ட ரிப்பனுக்குப் பின்னால் டீசல் ஜெனரேட்டர் உறுமிக்கொண்டிருந்தது. விருந்தினர் பேசியது ஒன்றும் கேட்கவில்லை.

பதில்: கடைசல் டீச்சர்

எல்லோருக்கும் நன்றி. மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், நடந்ததைச் சொல்லவேண்டும்.

ஏ.இ. ஐயா ஊகித்தது அப்படியே நடந்திருக்கிறது. கட்டமைப்புப் பொறியாளருக்கு லேப் மாடிக்குப் போன விஷயமே தெரியாது. போனில் கேட்டபோது ஒரு நிமிடம் பேச்சில்லை. பிறகு "அந்த இடத்தில் நான் வகுப்பறைக்குத்தான் போட்டிருக்கிறேன்" என்றார். அதை மின்னஞ்சலில் எழுதி வாங்கிக்கொண்டேன். அந்த ஒரு பக்கத்தை வைத்துக்கொண்டுதான் டீனிடம் போனேன். போகும்முன் இரண்டு நாள் ஒத்திகை பார்த்தேன், பொய் சொல்வானேன். அவர் கடிதத்தைப் படித்துவிட்டு "லிஃப்ட் இருக்கும் இல்லையா?" என்று மட்டும் கேட்டார். முடிந்தது. லேப் கீழே, டீன் அலுவலகம் மேலே.

டார்ச் எடுத்துக்கொண்டு போனேன். பிளிந்த் பீம் அடியில் பின்பக்கம் முழுக்க உடைசெங்கல் அடைத்திருந்தது, ஒரு சிமெண்ட் சாக்குகூட இருந்தது. இரண்டு நாளில் சுத்தம் செய்துவிட்டார்கள். இப்போது நான் சைட்டுக்கு வந்தால் சித்தாள் அக்கா ஒருவர் "டார்ச் மேடம் வந்துட்டாங்க" என்று சத்தமாகச் சொல்கிறார், யாருக்கோ எச்சரிக்கை என்று புரிகிறது.

லேப் மாமா, சுண்ணாம்புக் கோலம் வேலை செய்தது. எலெக்ட்ரிக்கல் துறைத்தலைவர் கோட்டுக்குள் நடந்துவிட்டு, இரண்டு மெஷின்களுக்கு நடுவில் உடம்பைத் திருப்ப முடியவில்லை என்று தானே உட்கார்ந்து மறுபடி வரைந்தார். மெக்கானிக்கல் பட்டியலும் வந்துவிட்டது, எங்கள் இன்ஸ்ட்ரக்டர் ஒரே இரவில் எழுதினார். சிவில் பட்டியலில் மட்டும் கடைசி மூன்று வரி "பின்னர் முடிவு செய்யப்படும்". அந்த மூன்று வரியும் ஹைட்ராலிக்ஸ் லேப். வரைபடத்தில் சம்ப் இல்லை, ஐயா கேட்டது சரிதான். கூட்டம் போட்டுச் சேர்த்திருக்கிறோம், திருத்தம் 4 என்று எண் போட்டு.

எம்-புக்கில் கையெழுத்துப் போடமாட்டேன் என்றதும் சூப்பர்வைசருக்குக் கோபம். சனிக்கிழமை சம்பளம் சார் சொன்னபடி அவர்கள் பில் எங்கே இருக்கிறது என்று தேடிப் போனேன். நிதிப் பிரிவில் ஒரு சான்று இல்லை என்று 19 நாளாகக் கிடந்தது, யாரும் அவர்களிடம் சொல்லவில்லை. வாங்கிக் கொடுத்தேன். இப்போது அவர் எனக்கு டீ சொல்கிறார்.

28 நாள் க்யூப் வந்துவிட்டது. நான்கு மாதிரிகள்: 33.1, 34.6, 31.8, 35.2. கம்பிக்காரன் தம்பி, கோபித்துக்கொள்ளாதீர்கள், வேலையை நிறுத்தவில்லை.

ஒரு சந்தேகம் மிச்சம். சம்புக்குத் தூணிலிருந்து எவ்வளவு தள்ளித் தோண்டவேண்டும்? ஆர்க்கிடெக்ட் தாளில் ஒன்றரை மீட்டர் என்று போட்டிருக்கிறார்.

பதில்: கம்பிக்காரன்

சராசரி 33.7. கூட்டிப் பார்த்துவிட்டேன். பாஸ் மேடம். அவசரப்பட்டதற்கு மன்னிக்கவும், எங்கள் கல்லூரியில் 65 சதவீதம் என்று மட்டும்தான் சொல்லிக் கொடுத்தார்கள்.

பதில்: ஓய்வுபெற்ற ஏ.இ.

31.8ஐயும் தனியாகப் பார்த்தேன், 27க்கு மேல்தான். நல்லது.

ஒன்றரை மீட்டரை ஆர்க்கிடெக்ட் சொல்லக்கூடாதம்மா. பைலின் அடிக்குடம் தண்டைவிட அகலம், பொதுவாக இரண்டரை மடங்கு இருக்கும். அது எந்த ஆழத்தில் இருக்கிறது, சம்பின் அடி எந்த ஆழம் என்று இரண்டையும் ஒரே தாளில் வெட்டுமுகமாக வரைந்து கட்டமைப்புப் பொறியாளர் கையெழுத்துப் போடட்டும். அது வரும்வரை மண்வெட்டி இறங்கவேண்டாம், தளம் போடும் வேலை அதற்காக நிற்கவும் வேண்டாம். தாமதத்தைத் தடைப் பதிவேட்டில் நம் கணக்கில் எழுதிவிடுங்கள், அது நம் தவறுதான்.

தோண்டும் அன்று ஒரு படம் போடுங்கள். தூணிலிருந்து குழி விளிம்புவரை டேப் பிடித்து எடுத்த படம், எண் தெரியும்படி.